ஸ்காட்லாந்துக்காரர்கள் நடுவே விருந்தாளி கில்ட் அணியலாமா?

வாசகர் கேள்வி: 4 ஏப்ரல் 2025

அபர்டீனில் என்னோடு பணிபுரியும் நண்பருக்கு வரும் ஜூனில் இன்வர்னெஸ் அருகே திருமணம். ஆண்கள் கில்ட் (முழங்கால்வரை வரும், கொசுவம் வைத்த ஸ்காட்லாந்து ஆண்களின் உடை) அணிந்து வந்தால் மகிழ்வோம் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். நான் மதுரைக்காரன், இங்கு வந்து ஓராண்டுகூட நிறையவில்லை. அணிந்தால் அவர்களுடைய மரபை வேடிக்கையாக்குவதாக நினைப்பார்களா, அணியாமல் போனால் ஒட்டாமல் நிற்பதாக நினைப்பார்களா என்று புரியவில்லை. ஒவ்வொரு குலத்துக்கும் தனிக் கட்டம் போட்ட துணி உண்டு என்கிறார்கள்; எனக்கு அங்கே ஏது குலம்? குருதித் தொடர்பு இல்லாதவர் அணிவதே தவறு என்று இணையத்தில் ஒரு சாரார் அடித்துச் சொல்கிறார்கள்.

4 ஏப்ரல் 2025, இரவு

அணியுங்கள். அழைப்பிதழில் அச்சிட்ட பிறகு ஐயத்துக்கு இடமில்லை. திருமணத்தில் உங்கள் பக்கத்து நாற்காலியில் அமரப்போகிறவரும் பெரும்பாலும் அதே வாரம் வாடகைக் கடையில் எடுத்து, திங்கட்கிழமை திருப்பித் தரப்போகிறவர்தான். அவருக்கும் கால்சட்டை இல்லாமல் ஒரு நாள் முழுவதும் எப்படி உட்கார்ந்து எழுவது என்ற கவலை இருக்கும்.

5 ஏப்ரல் 2025

நேற்று அவசரமாக எழுதினேன். கட்டத்தைப் பற்றிய கேள்விக்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

இன்ன குலத்தார் மட்டுமே இன்ன டார்ட்டனை, அதாவது கட்டம் போட்ட துணியை, அணியலாம் என்று ஸ்காட்லாந்தில் சட்டம் எதுவும் இல்லை. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த டார்ட்டன் பதிவேடு 2009 முதல் எடின்பரோவில் இயங்குகிறது; அது வடிவங்களைப் பதிவு செய்கிறதே தவிர, அணிபவரைச் சோதிப்பதில்லை. ஒரு சில டார்ட்டன்களுக்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு. அவற்றுள் பெயர் பெற்றது பால்மோரல் என்னும் சாம்பல் நிறக் கட்டம். விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் 1853-இல் வடிவமைத்ததாகச் சொல்லப்படும் அது அரச குடும்பத்துக்கும் அரசரின் பைப் (பைக்குழல்) இசைஞருக்கும் உரியது. எந்த வாடகைக் கடையும் அதை உங்களுக்குத் தரப்போவதில்லை என்பதால் அந்த அச்சம் வேண்டாம்.

குலம் இல்லாதவர்களுக்கென்றே வழக்கில் உள்ள பொதுக் கட்டங்கள் இருக்கின்றன: கரும்பச்சையும் கருநீலமும் கலந்த பிளாக் வாட்ச், கலிடோனியா, ஹண்டிங் ஸ்டூவர்ட். கடைக்காரர்கள் இவற்றைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார்கள். சிவப்பு ராயல் ஸ்டூவர்ட்டை முறைப்படி அரசருடையது என்பார்கள்; ஆனால் ரொட்டிப் பெட்டி முதல் குடை வரை அது ஏறாத பொருளே இல்லாததால், அதை அணிந்தவரை யாரும் தடுத்து நிறுத்துவதில்லை. மணமகன் வீட்டார் எல்லாரும் ஒரே கட்டத்தில் வருவது வழக்கம் என்பதால், அவர்கள் எதை எடுக்கிறார்கள் என்று நண்பரிடம் கேட்டுவிட்டு, வேறொன்றை எடுங்கள். அவர்களே உங்களையும் தங்கள் கட்டத்தில் வரச்சொன்னால் அது பெருமை, மறுக்காதீர்கள்.

உண்மையான எல்லைக்கோடு துணியில் இல்லை, தொப்பியில் குத்தும் சின்னத்தில் இருக்கிறது. வாரும் பக்கிளும் சூழ்ந்த குலச் சின்னம் குலத் தலைவருடைய மரபுச் சின்னத்திலிருந்து எடுத்தது. தலைவருக்குக் கட்டுப்பட்டவன் நான் என்று சொல்வதற்காக அதை அணிகிறார்கள். இந்தச் சின்னங்களின் விவகாரங்களைக் கவனிக்க லார்ட் லயன் என்னும் அதிகாரியும் அவருக்கென ஒரு நீதிமன்றமும் இன்றும் இருப்பதைப் பார்த்தாலே, அவர்கள் எதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை என்பது விளங்கும். தொப்பியில் கழுகிறகும் வேண்டாம். குலத் தலைவருக்கு மூன்று இறகு என்று அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது.

6 ஏப்ரல் 2025

இன்னொரு வாசகர் சற்றுக் காரமாகக் கேட்டிருக்கிறார்: ஒரு காலத்தில் தடை செய்யப்பட்டு, அணிந்தவன் சிறைக்குப் போன உடையை, வாடகை கொடுத்தால் போதும் என்று வெளியார் எடுத்து மாட்டிக்கொள்வது எப்படி நியாயம்? நல்ல கேள்வி, சுருக்கமான பதில் இதற்குப் பொருந்தாது.

தடை உண்மை. 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் போரில் ஜாக்கபைட்டுகள் (அரியணை இழந்த ஸ்டூவர்ட் அரச மரபின் ஆதரவாளர்கள்) வீழ்ந்த பிறகு, அதே ஆண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஆயுதப் பறிப்புச் சட்டத்தோடு உடைத் தடையையும் சேர்த்து நிறைவேற்றியது. 1747 ஆகஸ்ட் முதல் ஸ்காட்லாந்தில் ஆண்களும் சிறுவர்களும் கில்ட், பிளைடு என்னும் போர்வைத்துணி உள்ளிட்ட மலைநாட்டு (ஹைலண்ட்) உடைகளை அணிந்தால் முதல் முறைக்கு ஆறு மாதச் சிறை, மறுமுறைக்குக் கடல் கடந்த குடியேற்றங்களுக்கு ஏழாண்டு நாடுகடத்தல். படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அதாவது அரசருக்காகப் போரிடும்போது கில்ட் கட்டலாம், சொந்த வீட்டு வாசலில் கட்டக் கூடாது. 1782-இல் தடை நீங்கியது. அதற்குள் ஒரு தலைமுறை கால்சட்டைக்குப் பழகிவிட்டிருந்தது.

எனினும், அந்தத் தடையில் துன்புற்றவர்கள் மலைநாட்டார். எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் வாழ்ந்த தாழ்நிலத்தார் அதற்கு முன்பும் கில்ட் கட்டியவர்கள் அல்லர்; மலைநாட்டாரைத் திருடர்கள் என்று எண்ணியவர்களே அவர்களில் மிகுதி. இன்று கில்ட் கட்டி மணமேடைக்கு வரும் கிளாஸ்கோ இளைஞனின் முப்பாட்டனுக்கும் அந்த உடைக்கும் பெரும்பாலும் தொடர்பு இருந்திருக்காது. இன்று அணிவோரில் பெரும்பாலோர் இடையில் வந்து சேர்ந்தவர்கள் என்பதால்தான், பிறகு வருபவர்களிடம் அவர்கள் பிறப்புச் சான்று கேட்பதில்லை என்பது என் எண்ணம்.

அவர்கள் எப்போது வந்து சேர்ந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1822 ஆகஸ்டில் நான்காம் ஜார்ஜ் எடின்பரோவுக்கு வந்தார். ஆட்சியிலிருக்கும் அரசர் ஒருவர் ஸ்காட்லாந்து மண்ணை மிதித்து ஏறத்தாழ 170 ஆண்டுகள் ஆகியிருந்தன. வரவேற்பை ஏற்பாடு செய்த நாவலாசிரியர் வால்டர் ஸ்காட், மலைநாட்டு நடன விருந்துக்குச் சீருடை அணிந்தவர் தவிர மற்ற ஆண்கள் மலைநாட்டு உடையில்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டார். தாழ்நிலத்துக் கனவான்கள் தாய்வழியிலோ பாட்டிவழியிலோ ஒரு மலைநாட்டு உறவு கிடைக்குமா என்று தேடவும், தையற்காரர்களிடம் கட்டம் கேட்டு நெருக்கவும் தொடங்கினார்கள். பானக்பர்னில் இருந்த வில்சன் நெசவு நிறுவனம் 1819-இலேயே தன் கட்டங்களுக்கு மாதிரிப் புத்தகம் தயாரித்திருந்தது. வெறும் எண்ணால் மட்டுமே அறியப்பட்ட சில கட்டங்கள் பிறகு குலப் பெயர் பெற்றன. அந்த நூற்றாண்டின் நடுவில் இரு சகோதரர்கள் பழஞ்சுவடி கிடைத்ததாகச் சொல்லி வெளியிட்ட குலக் கட்டத் தொகுப்பு போலியென்று பின்னர் தெளிந்தது. அதில் வந்த கட்டங்கள் பலவற்றை இன்றும் கடைகளில் குலத்தின் பெயரால் விற்கிறார்கள்.

6 ஏப்ரல் 2025, சற்றுப் பின்னர்

அதே 1822-ஐ வைத்தே உங்கள் கேள்விக்கு இன்னும் நேரான பதில் இருக்கிறது. கில்ட் அணிந்த விருந்தாளிகளில் புகழ் பெற்றவர் அந்த ஜார்ஜ் அரசர்தான். ஹோலிரூட் அரண்மனை வரவேற்பில் செக்கச் சிவந்த ராயல் ஸ்டூவர்ட் உடையில் நின்றார். உடைக்கும் அணிகலன்களுக்கும் சேர்த்து வந்த செலவு 1,354 பவுண்டு. பருத்த உடல், முழங்காலுக்கு மேலே ஏறிய கில்ட், கால் தெரியாமலிருக்க அடியில் இளஞ்சிவப்பு இறுக்க உடை. சில நாள்தான் நம்மோடு இருக்கப்போகிறார், அதற்குள் எவ்வளவு அதிகம் பார்க்க முடியுமோ அவ்வளவு நல்லது என்று ஒரு சீமாட்டி சொன்னதாக வழங்குகிறது. பின்னர் டேவிட் வில்கி ஓவியமாகத் தீட்டியபோது கில்ட் நீண்டது, இளஞ்சிவப்பு மறைந்தது.

அதே அவைக்கு லண்டனின் முன்னாள் மேயர் வில்லியம் கர்ட்டிஸும் கில்ட் அணிந்தே வந்தார். அவரும் பருத்தவர். அரசரும் மேயரும் ஒருவர் எதிரே ஒருவர் அதே கோலத்தில் நின்ற காட்சி கேலிச்சித்திரக்காரர்களுக்குப் பல நாள் சோறு போட்டது. வெளியூரார் கில்ட் அணிந்ததற்காக நகைக்கப்பட்டார்கள் என்பதற்கு இதைத்தான் சான்றாகக் காட்டுவார்கள். நான் இதை வேறு விதமாகப் படிக்கிறேன். அந்த விருந்துக்காகவே குலம் தேடிக்கொண்ட தாழ்நிலத்தாரை அவையில் யாரும் சுட்டிக்காட்டவில்லை; ஊரார் சிரித்தது அளவுக்கும் நிறத்துக்கும் மிகைக்கும். அளவாக அணிந்திருந்தால் கர்ட்டிஸின் பெயர் இன்று யாருக்கும் நினைவிருக்காது.

9 ஏப்ரல் 2025

அணியும் முறையைக் கேட்டு மூவர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது வாடகைக் கடையில் கிடைத்த பாடம். அளவெடுத்த அம்மையார் என்னிடம் கால்சட்டை அளவைக் கேட்கவே இல்லை. கில்ட் இடுப்பெலும்பில் நிற்பதில்லை, தொப்புள் உயரத்தில் நிற்கிறது; எனவே கால்சட்டை எண்ணைச் சொன்னால் தவறான கில்ட்தான் கைக்கு வரும். பிறகு தரைவிரிப்பில் முழந்தாளிடச் சொன்னார். நிமிர்ந்து முழந்தாளிட்டால் துணியின் ஓரம் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். எழுந்தால் முழங்காற்சில்லின் நடுவுக்கோ மேல் விளிம்புக்கோ வரும். அதற்குக் கீழே இறங்கினால் பாவாடை, மேலே ஏறினால் நான்காம் ஜார்ஜ்.

உடுத்தும் வரிசையும் முக்கியம். காலுறையையும் காலணியையும் முதலில் போட்டுவிடுங்கள். கில்லி புரோக் என்னும் அந்தக் காலணிக்கு நாக்கு கிடையாது; நீண்ட கயிற்றை முன்னால் சில முறை முறுக்கி, கணுக்காலைச் சுற்றிக் கொண்டுவந்து முடிய வேண்டும். கெண்டைக்காலின் பாதிவரை சுற்றி ஏற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். கில்ட் கட்டிய பின் குனிந்து அந்தக் கயிற்றைக் கட்ட முயன்றால் மற்றவர்களுக்கு வீண் காட்சி.

கொசுவ மடிப்புகள் எல்லாம் முதுகுப் பக்கம், தட்டையான பகுதி முன்பக்கம். சேலையின் கொசுவம் முன்னால் இருந்து பழகிய நம் கண்ணுக்கு இது தலைகீழாகத் தெரியும். கொசுவத்தை முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு உற்சாகமாகப் படமெடுத்துக்கொள்ளும் பயணிகளை எடின்பரோவில் காணலாம். உள்மடல் முதலில் இடப்பக்கம் போகும். அதன் வாரை இடுப்பிலுள்ள துளை வழியே வெளியே இழுத்துப் பூட்ட வேண்டும். வெளிமடல் அதன் மேல் வந்து வலப்பக்கம் முடியும். அலங்கார ஊசியை வெளிமடலின் வலக்கீழ் மூலையில் மட்டும் குத்துங்கள். இரு மடல்களையும் சேர்த்துக் குத்தினால் நடக்கையில் துணி இழுபடும், கிழியவும் செய்யும், கடைக்காரர் முன்பணத்தில் கழிப்பார்.

ஸ்போரன் என்னும் முன்பை, வெயிஸ்ட்கோட்டின் கீழ் விளிம்பிலிருந்து மூன்று விரற்கடை தள்ளித் தொங்க வேண்டும். வெயிஸ்ட்கோட் போட்டால் அகலப் பெல்ட் வேண்டாம். இவை இரண்டையும் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

அமரும்போது இரு உள்ளங்கைகளாலும் பின்கொசுவத்தைக் கீழ்நோக்கி நீவிவிட்டு அமருங்கள். முழங்கால்களைச் சேர்த்து வையுங்கள்; ஸ்போரனின் எடை மடியில் துணியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். முழு கில்ட்டில் எட்டு கஜம், அதாவது ஏழு மீட்டருக்கும் சற்று மேல் கம்பளித்துணி இருக்கிறது. அதன் எடை நடையையே மாற்றிவிடும். சில நிமிடங்களில் தோளை நிமிர்த்திக்கொண்டு நடப்பதை நீங்களே உணர்வீர்கள்.

10 ஏப்ரல் 2025

ஜூன் என்பதால் ஒன்று: மலைநாட்டில் அப்போது மிட்ஜ் என்னும் கடிபூச்சிகளின் காலம் தொடங்கியிருக்கும். ஏரிக்கரையில் நிழற்படம் எடுக்கும்போது அவற்றுக்கு உங்கள் முழங்கால் விருந்து. பூச்சி விரட்டி மருந்தைக் காலுறைக்கு மேலே தடவிக்கொள்ளுங்கள். உடைக்குள்ளும் தடவ வேண்டுமா என்று கேட்டவருக்கு: காற்றில்லாத மாலை என்றால் ஆம்.

13 ஏப்ரல் 2025

முதல் குறிப்பில் தயங்காமல் அணியுங்கள் என்றேன். அது அழைப்புள்ள இடத்துக்கு மட்டும் பொருந்தும்; இதைப் படித்துவிட்டு எடின்பரோவில் விடுமுறைக்குப் போகும் ஒருவர், ராயல் மைல் தெருக்கடையில் ஒன்று வாங்கி நாள் முழுவதும் ஊர் சுற்றப்போவதாக எழுதியிருப்பதால் சொல்கிறேன்.

ஸ்காட்லாந்துக்காரர்களில் பெரும்பாலோர் கில்ட்டை அன்றாடம் அணிவதில்லை. திருமணம், பட்டமளிப்பு, கவிஞர் பர்ன்ஸை நினைவுகூரும் ஜனவரி 25 இரவு விருந்து, கால்பந்து அல்லது ரக்பி சர்வதேசப் போட்டி, மலைநாட்டு விளையாட்டு விழா, சில வேளை இறுதிச் சடங்கு. இந்த வட்டத்துக்கு வெளியே தெருவில் கில்ட் தெரிந்தால் அவர் பைப் இசைஞராகவோ சுற்றுலா வழிகாட்டியாகவோ பயணியாகவோ இருப்பார். அந்தத் தெருக்கடைகளில் மலிவாகக் கிடைப்பது செயற்கை இழையில் மெல்லிய மடிப்புகளோடு தைத்தது. காற்று வீசினால் அது கம்பளிபோல் கீழே நிற்காது. அதை அணிந்து நடந்தால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஆனால் உங்களை அவர்கள் கில்ட் அணிந்தவர் என்று எண்ணுவதில்லை, கடைக்கு வந்த வாடிக்கையாளர் என்று எண்ணுகிறார்கள். நம் ஊர்த் திருமணத்துக்கு வரும் வெள்ளைக்காரர் கரைவேட்டி கட்டி வந்தால் வீட்டார் மகிழ்கிறோம். அதே வேட்டியைக் கட்டிக்கொண்டு அவர் விமான நிலைய வரிசையில் நின்றால் மகிழ்ச்சி வருவதில்லை, கோபமும் வருவதில்லை, ஒரு புன்சிரிப்பு வருகிறது. அவ்வளவுதான்.

சிவப்புப் பொய்முடி தைத்த டார்ட்டன் தொப்பி ஒன்று விற்பார்கள். ஸ்காட்லாந்துக் கால்பந்து ரசிகர்களே அதை அணிவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் உரிமை வீட்டுக்காரருடையது. விருந்தாளி அதைக் கையிலெடுக்க வேண்டாம். அவர்களின் கேலியின் வீச்சு தெரிய வேண்டுமென்றால் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியை நினைவுகூருங்கள்: சொந்த அணியின் தொடக்க விழா டார்ட்டன் சீருடையையே அவர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள், மாற்றச் சொல்லி இணையத்தில் மனுவும் போட்டார்கள்.

14 ஏப்ரல் 2025

நேற்றையதோடு சேர்த்துப் படியுங்கள். வெளியார் கில்ட் அணிய வேண்டும் என்பதே விதியாக உள்ள இடங்களும் இருக்கின்றன. மலைநாட்டு விளையாட்டு விழாக்களில் நீண்ட மரக்கம்பம் எறிதல், சம்மட்டி எறிதல் போன்ற பாரப் போட்டிகளில் இறங்குபவர் எந்த நாட்டவரானாலும் கில்ட் அணிந்தே இறங்க வேண்டும்; அமெரிக்கர்களும் ஐரோப்பியர்களும் அப்படித்தான் போட்டியிடுகிறார்கள். கிளாஸ்கோவில் ஆகஸ்டில் நடக்கும் உலகப் பைப் இசைக்குழுப் போட்டியில் கனடாவின் சைமன் ஃபிரேசர் பல்கலைக்கழகக் குழு ஆறு முறை வென்றிருக்கிறது. அவர்களுக்குக் குருதித் தொடர்பு உண்டா என்று அந்தத் திடலில் யாரும் கேட்டதில்லை, சுருதி சேர்ந்திருக்கிறதா என்றுதான் கேட்டார்கள்.

19 ஏப்ரல் 2025

காலுறையில் செருகும் சிறு கத்தியைப் பற்றி. ஸ்கியன் டூ என்னும் அதை, எந்தக் கை பழக்கமோ அந்தப் பக்கக் காலின் வெளிப்புறம், பிடி மட்டும் தெரியும்படி செருகுகிறார்கள். பொது இடத்தில் கூரான கத்தி வைத்திருப்பது ஸ்காட்லாந்தில் குற்றம். ஆனால் 1995-ஆம் ஆண்டுக் குற்றவியல் தொகுப்புச் சட்டத்தின் 49-ஆம் பிரிவு, தேசிய உடையின் அங்கமாக வைத்திருப்பதைத் தற்காப்பாக ஏற்கிறது. அதே பிரிவு சமயக் காரணத்தையும் ஏற்பதால் சீக்கியர்களின் சமயக் குறுவாளான கிர்பானும் அதன் நிழலில் வருகிறது. தேசிய உடை என்றுதான் சட்டம் சொல்கிறது, அணிபவர் எந்த தேசத்தவர் என்று கேட்கவில்லை. இருந்தாலும், நள்ளிரவுக்குப் பிறகு கோட்டுப் பையில் அதைப் போட்டுக்கொண்டு மதுவிடுதிக்குப் போனால் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கும் என்று நம்ப வேண்டாம். வாடகைத் தொகுப்பில் பெரும்பாலும் அலகே இல்லாத பிளாஸ்டிக் பிடி ஒன்றுதான் தருவார்கள். அதையே கேட்டு வாங்குங்கள். சொந்தமாக உண்மையான கத்தி வைத்திருப்பவர் விமானத்தில் கைப்பையில் வைக்காதீர்கள்.

22 ஏப்ரல் 2025

அந்தக் கேள்வியை யாராவது கேட்டே தீர்வார்கள் என்று எதிர்பார்த்தேன்; நால்வர் கேட்டுவிட்டார்கள். உள்ளாடை அணியுங்கள். மலைநாட்டுப் படைப்பிரிவுகளின் வழக்கம் என்று சொல்லி அணியாமல் இருப்பதைப் பெருமையாகப் பேசுவார்கள். ஆனால் வாடகை உடை உங்களுக்கு முன்னும் பின்னும் பலர் அணிவது, கடைகளும் அணியச் சொல்லித்தான் கேட்கின்றன. மேலும், கேய்லி என்னும் கூட்டு நடனத்தில் ஸ்ட்ரிப் த வில்லோ ஆடும்போது கைக்குக் கை மாறிச் சுழற்றிவிடுவார்கள், எட்டு கஜமும் குடைபோல் விரியும்.

நகைச்சுவையாக முடித்துவிட மனமில்லாத ஒரு பக்கமும் இதில் இருக்கிறது. கில்ட் அணிந்தவரின் உடையைத் தூக்கிப் பார்ப்பது விளையாட்டு என்று குடித்த கூட்டத்தில் சிலர் எண்ணுகிறார்கள். எனக்கு நேர்ந்திருக்கிறது, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நான் சிரிக்கவில்லை, மணமகளின் அத்தை ஒருவர் வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கையை எடுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லலாம். விருந்தாளி என்பதால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆடைக்கு அடியில் படமெடுப்பது 2010-இல் நிறைவேறிய சட்டத்திருத்தத்தால் அங்கே பாலியல் குற்றம். கில்ட்டுக்கும் அது பொருந்தும்.

27 ஏப்ரல் 2025

கேள்வி கேட்டவர் தனிமடலில் எழுதியதை, அவர் இசைவோடு பொதுவில் எடுக்கிறேன். கரிய நிறத்தவன் கில்ட்டில் நின்றால் உறுத்தலாகத் தெரியாதா என்கிறார்.

கிளாஸ்கோவில் டர்பனும் கில்ட்டுமாக மணமகன் நிற்கும் சீக்கியத் திருமணங்களைப் பார்த்த எவரும் இந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள். சிங் என்ற பெயரிலேயே ஒரு டார்ட்டன் நெய்யப்பட்டிருக்கிறது. பின்னாளில் முதலமைச்சரான ஹம்ஸா யூசஃப் 2016-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தில் கில்ட் அணிந்து, உருதுவில் உறுதிமொழி எடுத்தார். இவர்கள் விருந்தாளிகள் அல்லர், அந்த நாட்டுக்காரர்கள். ஆயினும் அவர்கள் பழக்கிய கண்களுக்கு முன்னால்தான் நீங்கள் நிற்கப்போகிறீர்கள். எனக்கு நேர்ந்தவரை, முதியவர்கள் அருகே வந்து மடிப்பைத் தொட்டுப் பார்ப்பார்கள், கம்பளியா என்று கேட்பார்கள், யாருடைய கட்டம் என்று கேட்பார்கள். கடைசிக் கேள்வி குறுக்கு விசாரணை அன்று. பேச்சைத் தொடங்கும் வழி. எனக்குக் குலம் இல்லை, பொதுக் கட்டத்தை எடுத்தேன் என்று சொல்லுங்கள். பாட்டி வழியில் ஏதோ உறவு என்று கதை கட்டினால் அடுத்த அரை மணி நேரம் அந்தப் பாட்டியின் ஊரைப் பற்றியே பேச வேண்டியிருக்கும்.

குலப் பகை பற்றிப் பயமுறுத்துபவர்களைப் பொருட்படுத்த வேண்டாம். 1692 பிப்ரவரியில் கிளென்கோவில் மெக்டொனால்டுகளை அவர்கள் வீட்டிலேயே விருந்துண்ட படை கொன்றது. படைத்தலைவர் ஒரு கேம்பெல். அங்கே ஒரு விடுதியின் வாசலில் நடைவியாபாரிகளுக்கும் கேம்பெல்களுக்கும் இடமில்லை என்று இன்றும் பலகை தொங்குகிறது. கேம்பெல்களும் அதன் முன்னால் நின்று படமெடுத்துவிட்டு உள்ளே போய்ச் சாப்பிடுகிறார்கள்.

3 மே 2025

பெண் வாசகர் ஒருவர், தாம் என்ன அணிவது என்று கேட்கிறார். பெண் பைப் இசைஞர்கள் கில்ட் அணிவார்கள். திருமண விருந்தில் பெண்கள் பொதுவாக வழக்கமான விருந்து உடையோடு டார்ட்டன் துண்டு ஒன்றைத் தோளில் ஊசியால் குத்திக்கொள்வார்கள், பெரும்பாலும் வலத் தோளில். சேலையே போதும் என்பது என் கருத்து. அதன் மேல் டார்ட்டனையும் போட்டால், பட்டுக்கரையும் கட்டமும் ஒன்றோடொன்று சண்டையிடும். இரண்டும் கண்ணைப் பிடித்திழுக்கும் துணிகள்.

இறுதிச் சடங்கைப் பற்றி ஒரு வரி: அங்கே கில்ட் அணிபவர் குடும்பத்தாராகவோ நெடுநாள் நண்பராகவோ இருப்பார். புதியவர் கருங்கோட்டில் போவதே நலம்.

11 மே 2025

வாங்கிவிடலாமா என்று கேட்பவர்களுக்கு. கையால் தைத்த எட்டுக் கஜக் கம்பளி கில்ட் பல நூறு பவுண்டு ஆகும். கோட்டு, ஸ்போரன், காலணி எல்லாம் அதற்கு மேல். ஸ்காட்லாந்திலேயே வாழ்ந்து, ஆண்டுக்கு ஒரு திருமணமாவது வரும் என்றால் ஈடுகட்டும். தைக்கும்போது இடுப்பில் விட்டுவைக்கும் துணியால் பின்னாளில் வயிறு பெருத்தாலும் வார்களை நகர்த்திச் சமாளிக்கலாம். தொண்டுக் கடைகளில் பழைய கில்ட்டுகள் நல்ல நிலையில் கிடைக்கின்றன. வாங்கும்முன் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பூச்சி அரித்த துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள், மடிப்புகளின் உட்புறத்தையும் சேர்த்து. இரண்டு மூன்று ஆண்டில் ஊர் திரும்புகிறவர் வாங்க வேண்டாம். மதுரை வெயிலில் அதைக் கட்ட நாள் வராது, பீரோவில் அந்துருண்டையோடு கிடக்கும். வாடகைக்கு எடுங்கள், ஜூன் திருமணம் என்றால் அளவு கொடுக்க இப்போதே போக வேண்டும், பிளாக் வாட்ச்தான் முதலில் தீர்ந்துபோகும்.